ஹாஸ்பிஸில் கையெழுத்துப் போடுமுன்: ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார் என்று கேளுங்கள்

"இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொல்லும் அன்றே ஹாஸ்பிஸ் (குணப்படுத்த முடியாத நோயாளியைக் கடைசி நாட்களில் வலியும் தவிப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் சேவை) பேச்சும் வந்துவிடும். வீட்டில் யாருக்கும் தலைகால் புரியாத நேரம் அது. ஒருவர் ஃபைலோடு வந்து உட்கார்ந்து, "கவலைப்படாதீர்கள், இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆறுதல் சொல்வார். கையெழுத்தும் அப்போதே வாங்கிவிடுவார்கள். ஏமாந்தது தெரிய வருவது பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஏதோ ஒரு நடுராத்திரியில்.

அந்த ராத்திரி வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. நோயாளி வலியில் துடிக்கிறார். "24 மணி நேரமும் கூப்பிடலாம்" என்று கொடுத்த எண்ணில் பேசுபவர் நர்ஸ் அல்ல, பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளும் ஆள். முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் கூப்பிட்டு, "டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார். டாக்டர் போனை எடுக்கவில்லை. மருந்துச் சீட்டில் கடும் வலிக்கான மருந்தான மார்ஃபினுக்கு நேராக 'எஸ்.ஓ.எஸ்.' (தேவைப்பட்டால் கொடு) என்று மட்டும் எழுதியிருக்கிறது. எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று எதுவும் இல்லை. இருந்த மாத்திரையும் முந்தின நாள் சாயங்காலமே தீர்ந்துவிட்டது. விடியும் நேரத்தில், "எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்று பதில் வருகிறது. இனி ஆம்புலன்ஸும் ஊசியும் வேண்டாம் என்றுதானே ஹாஸ்பிஸில் சேர்த்தார்கள்? வாங்கிய பணம் முழுவதும் அந்த ஒரு ராத்திரிக்காகத்தான். அன்று கைவிட்டவர்கள் மற்ற நாட்களில் எவ்வளவு இனிமையாகப் பேசியிருந்தாலும் என்ன பயன்?

எனவே முதல் கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பது யார், அவர் எவ்வளவு நேரத்தில் கட்டில் பக்கத்தில் நிற்பார்? "உடனே வருவோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். இன்று ராத்திரி டியூட்டியில் எத்தனை நர்ஸ், அவர்கள் பொறுப்பில் எத்தனை வீடு என்று எண்ணாகக் கேளுங்கள். சேருமுன்பே ஒருநாள் பின்னிரவில் அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல இடத்தில் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பகல் வருகைக்கும் ஒரு கணக்குப் போடலாம். வீடு தேடிப் போய், பார்த்து, சார்ட் எழுதித் திரும்ப ஒரு நர்ஸுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அப்படியென்றால் ஒரு நாளில் ஐந்து வீடு, வாரம் ஆறு நாளில் 30 வருகை. வாரம் இரண்டு முறை வருவதாக வாக்குக் கொடுத்தால் அவரால் 15 வீட்டைத்தான் பார்க்க முடியும். அவர் கையில் 40 வீடு இருந்தால் அந்த வாக்கு முதல் நாளே பொய். மிச்ச வருகைகள் போன் விசாரிப்பாகச் சுருங்கும், அல்லது யாரும் வராமலே சார்ட்டில் 'பார்த்தோம்' என்று ஏறும். பல நாள் வருகைச் சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்துக் கேட்பார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். போடாதீர்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் உங்கள் முன்னால் எழுதிய பிறகுதான் கையெழுத்து.

கடைசி நாட்கள் நெருங்க நெருங்க வருகை கூட வேண்டும். அமெரிக்காவில் ஹாஸ்பிஸ்களின் தரத்தை அளக்கும் கணக்குகளில் ஒன்று, உயிர் பிரியுமுன் உள்ள மூன்று நாட்களில் இரண்டு நாளாவது நர்ஸோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தாரா என்பது. நாள் கணக்கில் ஒரே தொகை வாங்கும் இடங்களில் வந்தாலும் வராவிட்டாலும் வரவு ஒன்றுதான், செலவு மட்டும் குறையும். ஏமாற்று நுழையும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. "கடைசி மூன்று நாளில் எத்தனை முறை வருவீர்கள்?" என்பதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இனி மருந்து. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கான வழிமுறையை வெளியிட்டபோது வலியுறுத்தியவற்றில் ஒன்று, மருந்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடு என்பது. பிரிட்டிஷ் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கும் முன்பிருந்தே சொல்லிவந்ததும் அதுதான்: வலி வந்த பிறகு துரத்தக் கூடாது, வருமுன் மருந்து உள்ளே இருக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும், ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. மெதுவாகக் கரையும் வகை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றதும் "பொடி பண்ணிக் கொடுங்கள்" என்று போனில் சொல்லும் நர்ஸ் இருக்கும் இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

சீட்டை நீங்களே சரிபார்க்கலாம். நேரப்படி கொடுக்கும் மார்ஃபினோடு, இடையில் வலி கிளம்பினால் கொடுக்க வேண்டிய மீட்பு டோஸும் எண்ணாக எழுதியிருக்க வேண்டும். அது ஒரு நாளின் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை இருப்பது வழக்கம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60, மீட்பு டோஸ் 6 முதல் 10 வரை. வாய்வழி மருந்தைத் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றும்போது அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். 60 மில்லிகிராம் மாத்திரை அப்படியே 60 மில்லிகிராம் ஊசியாக எழுதப்பட்டிருந்தால், போடுமுன் நிறுத்திக் கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும். கை கால் திடீர் திடீரென்று துள்ளுவது, எழுப்ப முடியாத தூக்கம், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி ஆகியவை அதற்கான அடையாளங்கள். சேர்க்கும் நாளில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கேட்காத டாக்டர் சீட்டை அரைகுறையாக எழுதுகிறார் என்றே அர்த்தம். இந்தக் கணக்கெல்லாம் சீட்டில் தவறிருந்தால் கேள்வி கேட்பதற்காக. டோஸை நீங்களாக மாற்றுவதற்காக அல்ல.

தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோம்பேறி ஹாஸ்பிஸ்களுக்கு அது பிடித்தமான மருந்து. ஒட்டிவிட்டால் மூன்று நாள் வர வேண்டாம். ஆனால் பேட்ச் ஒட்டிய பிறகு மருந்து சரியாக ஏற 12 முதல் 24 மணி நேரம் ஆகும். வலியில் கதறுபவருக்கு பேட்ச் மட்டும் ஒட்டிவிட்டு, இடைக்கால மருந்து எதுவும் தராமல் கிளம்பினால் அந்த ராத்திரி முழுக்க அவர் வலியில்தான் கிடப்பார். பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து அதிகமாக இறங்கும். இதை வீட்டாருக்குச் சொல்லாமல் போவதும் பெரிய குறை.

மார்ஃபின் கையிருப்பே இல்லாத இடங்களும் ஹாஸ்பிஸ் என்று பலகை மாட்டுகின்றன. அதைவிட வலிமை குறைந்த வலி மருந்தான டிராமடாலை வைத்தே ஓட்டப் பார்ப்பார்கள். டிராமடாலுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு உண்டு, கடும் வலிக்கு அது போதாது. "மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று அங்குள்ள ஊழியரே சொன்னால், தெரியாமல் சொல்கிறாரா, இல்லாததை மறைக்கிறாரா என்று ஆராயத் தேவையில்லை. வலிக்கு ஏற்றபடி சிறுகச் சிறுகக் கூட்டிய மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை.

மலச்சிக்கல் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஹாஸ்பிஸின் தரம் அதில்தான் பளிச்சென்று தெரியும். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், சார்ட்டில் மலம் போன தேதி இருக்க வேண்டும். மூன்று நாள் போகவில்லை என்றால் நர்ஸ் பரிசோதித்தாக வேண்டும். இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீர் மட்டும் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவார்கள், நோயாளி இன்னும் தவிப்பார். சிறுநீர் அடைப்பும் இப்படித்தான். பேச முடியாதவர் திடீரென்று புரண்டு புரண்டு பிடுங்கி எறிந்தால், விவரம் தெரிந்த நர்ஸ் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், நீர் எப்போது போனது என்று கேட்பார். விவரமில்லாதவர் தூக்க ஊசியை எடுப்பார். "அமைதியாகத் தூங்குகிறார்" என்று சொல்லப்படுபவரைப் புரட்டும்போது நெற்றி சுருங்குகிறதா, முனகுகிறாரா என்று பாருங்கள். அப்படியிருந்தால் வலி அடங்கவில்லை, சத்தத்தை மட்டும் அடக்கியிருக்கிறார்கள்.

மீட்பு டோஸ் கொடுத்தபின் அதன் பலனையும் எழுத வேண்டும். மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில், ஊசி என்றால் அரை மணியில் வலி மறுபடி மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். நாள் முழுவதும் சார்ட்டில் 'வலி 2, வலி 2' என்று ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் இருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் நிரப்பியது.

கடைசி நாட்களுக்கான மருந்துப் பெட்டி முன்கூட்டியே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வலிக்கு, வாந்திக்கு, மனக்குழப்பத்துக்கு, பதற்றத்துக்கு, தொண்டையில் சேரும் சளிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மருந்தும், யார் எப்படிக் கொடுப்பது என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். நினைவு தப்பியவரின் தொண்டையில் கறகற சத்தம் வரும்போது அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தேவையானால் சுரப்பைக் குறைக்கும் கிளைகோபைரோலேட் போன்ற ஊசி போடுவதுதான் முறை. குழாயை ஆழமாக விட்டுத் திரும்பத் திரும்ப ஸக்‌ஷன் செய்வது அவரைத்தான் வதைக்கும். அந்த நிலையில் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினால் சளியும் வீக்கமும் கூடும், பில்லும் கூடும். மூச்சுத்திணறலுக்கு ஆக்சிஜன் மெஷினை வாடகைக்குத் தள்ளிவிடுவதும் வழக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு அதனால் பெரிய பலனில்லை. முகத்துக்கு நேராகச் சிறு விசிறியும் குறைந்த அளவு மார்ஃபினும் அதைவிட உதவும்.

படுக்கைப் புண்ணில் இரு பக்கமும் நியாயமாகப் பார்க்க வேண்டும். உயிர் பிரியும் நாட்களில் தோலுக்கு ரத்தம் போவது குறைவதால், எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சிலருக்குப் புண் வரும். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் புரட்டிய நேரம் சார்ட்டில் இல்லை, ஏர் பெட்டில் காற்று இல்லை என்றால் அது கவனக்குறைவுதான். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக நுழைத்துப் பாருங்கள். உடம்பு கையில் தட்டினால் பெட் வேலை செய்யவில்லை. ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யும் அட்டெண்டரையும், வளைய வடிவக் குஷனைக் கொடுக்கும் நிறுவனத்தையும் நிறுத்துங்கள். வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

பில்லில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'எல்லாம் சேர்த்து' என்ற வார்த்தைக்குள் எது சேராது என்று எழுதி வாங்குங்கள்: ராத்திரி வருகை, டாக்டர் வருகை, கட்டுத்துணி, கேத்தட்டர், டயப்பர், மெஷின் வாடகை, இறப்புச் சான்று. நர்ஸ் என்ற பெயரில் வருபவர் பதிவு பெற்ற நர்ஸா, சில நாள் பயிற்சி எடுத்த அட்டெண்டரா என்று பதிவு எண்ணைக் கேட்டால் தெரிந்துவிடும். ஒரு மாத முன்பணம் கட்டி எட்டாம் நாள் இறந்துவிட்டால் மீதித் தொகை திரும்புமா, இறந்த அன்றே மெஷின் வாடகை நிற்குமா என்று கேட்க மனம் வராது. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் சிலர் பிழைக்கிறார்கள். வீட்டில் சற்றுத் தள்ளி நிற்கக்கூடிய ஒருவரிடம் இந்தக் கேள்விகளை ஒப்படையுங்கள்.

ஏற்கெனவே மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: கூப்பிட்ட நேரம், பேசியவர் பெயர், சொன்னது, வந்த நேரம், அப்போது வலி பத்துக்கு எவ்வளவு. "சரியாகப் பார்ப்பதில்லை" என்று சொன்னால் மழுப்புவார்கள். "செவ்வாய் ராத்திரி 1:20-க்குக் கூப்பிட்டோம், காலை 6:45-க்கு வந்தீர்கள், அதுவரை வலி 9" என்பதற்கு அவர்களால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மருத்துவப் பொறுப்பில் உள்ள டாக்டரிடமே நேராகப் பேசி, 24 மணி நேரத்துக்குள் திருத்திய சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். வராவிட்டால் மாறிவிடுங்கள். கடைசி வாரத்திலும் மாறலாம்.

மாறும்போது பழைய இடத்தோடு சண்டை முற்றுமுன் மூன்று நாளுக்கான மருந்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், இடைவெளியில் தவிப்பது நோயாளிதான். மருந்து சார்ட்டின் நகல், கடந்த 24 மணி நேரத்தில் மீட்பு டோஸ் உட்பட உள்ளே போன மொத்த மார்ஃபின் அளவு, மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்சு பம்ப் ஓடினால் அதில் உள்ள மருந்துகளும் மாற்ற வேண்டிய நேரமும், எல்லாம் எழுத்தில் வேண்டும். பேட்ச் இருந்தால் எந்த இடத்தில், எத்தனை மைக்ரோகிராம், என்றைக்கு எத்தனை மணிக்கு ஒட்டியது என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் பழைய நர்ஸை வாசலைத் தாண்ட விடாதீர்கள். புதிதாக வருபவர் அது தெரியாமல் இன்னொன்றை ஒட்டிவிடுவார்.