காறை எலும்பும் கைப்பேசியும்: 14 மாத அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பிசியோதெரபி படிப்பில் சேர்ந்தேன். உடற்கூறியல் முதல் வகுப்பிலேயே தொடை எலும்பு ஃபீமர் ஆயிற்று, முட்டிச் சில்லு பட்டெல்லா ஆயிற்று. பள்ளிப் பாடத்தில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று படித்திருந்த காதுச் சிற்றெலும்புகள்கூட மாலியஸ், இன்கஸ், ஸ்டேபிஸ் என்று முகம் மாறி நின்றன. நான் திணறுவதைப் பார்த்த சீனியர் அக்கா ஒருவர், என் கைப்பேசியை வாங்கி எலும்புப் பெயர்களுக்கான வினாடி வினா செயலி ஒன்றை ஏற்றித் தந்தார். அது நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. இன்றும் அந்தச் செயலி என்னிடம் இருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இருபது கேள்விகளை முடித்துவிடலாம். செயலியின் பெரிய நன்மை இதுதான். கனமான பாடநூலைப் பஸ்ஸில் விரிக்க முடியாது. மண்டையோடும் மார்புக்கூடும் இலவசம். கைகால்களுக்குப் பணம் கட்ட வேண்டும். பெரியவர்களின் உடலில் உள்ள 206 எலும்புகளில் 126 கைகால்களிலும் அவற்றை உடலோடு இணைக்கும் தோள், இடுப்பு வளையங்களிலும்தான் இருக்கின்றன. பிசியோதெரபி மாணவருக்கு அந்தப் பகுதி இல்லாமல் எதுவும் ஆகாது. ஒரே முறை கட்டும் தொகை என்பதால் கட்டிவிட்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் மூன்று மாதங்கள் செயலியை நான் தவறாகப் பயன்படுத்தினேன் என்பது பிறகுதான் புரிந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே இருந்துவிட்டேன். அதில் பாத எலும்பு ஒன்றைக் காட்டி, விடைகளாக ஒரு பாத எலும்பையும் மூன்று மண்டையோட்டு எலும்புகளையும் கொடுப்பார்கள். பெயர் தெரியாதவர்கூட மூன்றை ஒதுக்கிவிட்டுச் சரியான விடையைத் தொட்டுவிடலாம். என் மதிப்பெண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன்.

பிறகு, மேசையில் வைத்திருப்பதைப் பார்த்து இன்னதென்று எழுதும் முதல் ஸ்பாட்டர் தேர்வு வந்தது. மேசையில் ஒரு காறை எலும்பு தனியாகக் கிடந்தது. பெயர் எழுதிவிட்டேன். வலமா, இடமா என்ற அடுத்த கேள்வியில் கை நின்றுவிட்டது. செயலியில் நான் பார்த்த காறை எலும்பு எப்போதும் உடலோடு ஒட்டி, முன்பக்கம் பார்த்து, தோள்பட்டைக்கும் மார்பெலும்புக்கும் நடுவில் இருந்தது. மேசையில் கிடந்ததற்கு அக்கம்பக்கம் யாரும் இல்லை. வலம் என்று எழுதினேன், அது இடம். இருபது ஸ்பாட்டர்களில் எனக்குச் சரியாக அமைந்தவை பதினொன்றுதான்.

அன்று மாலை ஆசிரியர் அந்த எலும்பை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உருண்டு தடித்த முனை மார்புப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம். மார்பை ஒட்டிய மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கிப் புடைத்திருக்கும். அடிப்பக்கத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். விரலை அந்தப் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்ததும் எது மேல், எது கீழ் என்பது சட்டென்று பிடிபட்டது. கண்ணாடித் திரையில் எத்தனை நூறு முறை தொட்டிருந்தாலும் இந்தப் பள்ளம் விரலுக்குத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சீனியர்களிடமிருந்து ஓர் எலும்புத் தொகுப்பு வாங்கினோம். செயலியில் நான்கு விடை முறையை நிறுத்திவிட்டு, பெயரை முழுவதும் தட்டச்சு செய்யும் முறைக்கு மாறினேன். மதிப்பெண் அறுபதுக்கு விழுந்தது, படிப்பு ஏறியது. தவறிய பெயர்களை மறுநாளும், சரியாகச் சொன்னவற்றைச் சில நாட்கள் விட்டும் திரும்பக் கேட்கும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் அதைத் தேடி இயக்குங்கள். மறக்கப் போகும் நேரத்தில் ஒரு பெயரைக் கேட்டு நினைவுபடுத்துவதில் இந்தச் செயலியை மிஞ்ச என் நோட்டுப் புத்தகத்தால் முடியவில்லை.

எனக்கு நெடுநாள் பிடிகொடுக்காமல் இருந்தவை மணிக்கட்டின் எட்டு எலும்புகள். கைப்பேசித் திரையில் அவை ஒவ்வொன்றும் என் விரல்நுனியைவிடச் சிறியவை. ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது பதிவாகும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு மனப்பாட வாக்கியங்கள் உண்டு. என் வாயில் அவை ஒட்டவில்லை. பெயர்களின் பொருளைத் தேடிப் பார்த்தேன். ஸ்கேஃபாய்டு என்றால் படகு போன்றது. லூனேட் பிறை. ட்ரைகுவெட்ரம் மூன்று முனை உடையது. பிசிஃபார்ம் பட்டாணி. அடுத்த வரிசையில் ட்ரபீசியம் சின்ன மேசை, ட்ரபிசாய்டு மேசை போன்றது, கேப்பிடேட் தலை உடையது, ஹேமேட் கொக்கி. படகு, பிறை, முக்கோணம், பட்டாணி; குட்டிமேசை, மேசை போன்றது, தலை, கொக்கி. கட்டைவிரல் பக்கமிருந்து சுண்டுவிரல் பக்கம் போகும் வரிசை இது. இரண்டு பஸ் பயணங்களில் மனத்தில் தங்கிவிட்டது. சுண்டுவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டை ஒட்டி உள்ளங்கை தொடங்கும் இடத்தில் அழுத்திப் பாருங்கள், பட்டாணி தட்டுப்படும்.

இந்தப் பொருள்களைச் செயலி எங்கேயும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் என் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும். கையில் ஸ்கேஃபாய்டு, காலில் நாவிகுலர் இரண்டுமே படகுதான். பழைய நூல்களில் கையிலுள்ளதையும் நாவிகுலர் என்றே எழுதியிருக்கிறார்கள். நூலகத்தின் பழைய பிரதியில் படித்துவிட்டு அப்படியே தட்டச்சு செய்தேன், தவறு என்று சிவப்பு விழுந்தது. ஒரே எலும்புக்கு வழங்கும் மாற்றுப் பெயர்களையும் ஏற்றுக்கொண்டு, இன்றைய பெயர் எது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

தமிழ் இல்லாததுதான் எனக்குப் பெரிய மனக்குறை. ஒரு நாள் வீட்டில் கிளாவிக்கிள், கிளாவிக்கிள் என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அது எது என்று பாட்டி கேட்டார். தொட்டுக் காட்டினேன். காறை எலும்பு என்று உடனே சொல்லிவிட்டு, தன் அம்மா கழுத்தை ஒட்டி அணிந்திருந்த வெள்ளிக் காறை அந்த எலும்பின்மேல்தான் படிந்திருக்கும் என்றார். லத்தீனில் கிளாவிகுலா என்றால் சிறு சாவி. ஒரே எலும்பில் அவர்கள் சாவியைப் பார்த்தார்கள், நம்மவர்கள் நகையைப் பார்த்தார்கள். இரண்டும் தெரிந்த பிறகு அந்த எலும்பின் பெயர் எனக்கு மறக்கவே இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கியிருக்கிறார். இன்று ஒரு செயலியில் ஃபீமருக்கு அடியில் தொடை எலும்பு என்று ஒரு வரி சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை? தயாரிப்பாளர்களுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுவேன்.

இரண்டாம் ஆண்டில் புறநோயாளிகள் பிரிவில் ஓர் இளைஞர் வந்தார். பைக்கிலிருந்து கை ஊன்றி விழுந்தவர். முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து எடுத்ததில்தான் ஸ்கேஃபாய்டு முறிவு தெரிந்திருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகு, இறுகிப்போன மணிக்கட்டைப் பழக்குவதற்காக எங்களிடம் வந்திருந்தார். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகவும் கூடும். கட்டைவிரலை விரிக்கச் சொல்லி, அதன் அடியில் விழும் சிறு குழியை மெல்லத் தொட்டேன். பஸ்ஸில் நின்றபடி விரலால் குறி தவறித் தவறித் தொட்ட அந்தப் படகு, ஒருவரின் தோலுக்கு அடியில் வலியோடு இருந்தது.

இந்த ஆண்டு சேர்ந்த தங்கை ஒருத்தி இதே செயலியைப் பற்றிக் கேட்டாள். ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். தட்டச்சு முறையை இயக்கித் தந்துவிட்டு, எலும்புத் தொகுப்பிலிருந்த காறை எலும்பையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.