எடையை மட்டும் கேட்டுத் துணி விற்பவர்களிடம் கவனம்: எங்கள் வீட்டில் நடந்தது

“எடையை மட்டும் சொல்லுங்கள் சிஸ்டர், அளவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” வாட்ஸ்ஆப்பில் துணி விற்கும் யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். ஐந்து உடைகளுக்கு 8,250 ரூபாய். அவற்றில் மூன்று இன்னும் பீரோவின் அடித்தட்டில், வந்த கவரோடு கிடக்கின்றன.

மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். காலையில் கோயிலுக்குப் பட்டுப்புடவை; மாலையில் விருந்துக்குப் பெண்கள் ஐந்து பேரும் ஒரே நிறத்தில் அனார்கலி போட வேண்டும் என்பது நாத்தனாரின் ஆசை. நான், என் ஓரகத்தி, நாத்தனார், அவளுடைய மகள், என் மகள். தைக்கக் கொடுக்க நாள் போதவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஒரு எண்ணை அனுப்பிவைத்தார். மயில்கழுத்து நிறத்தில், விளிம்பில் மெல்லிய ஜரிகை ஓடிய ஒரு துணி. படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

படத்தோடு ஓர் அட்டவணையும் வந்தது. 45 முதல் 52 கிலோ வரை எஸ், 53–59 எம், 60–66 எல், 67–73 எக்ஸ்எல். அவ்வளவுதான். மார்புச் சுற்று, இடுப்பு, உயரம் எதுவும் இல்லை. எல் என்றால் 40 இன்ச் என்று மட்டும் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். “இன்ச் டேப்பில் அளந்து அனுப்பட்டுமா?” என்று கேட்டேன். “தேவையே இல்லை, எடை சரியாக இருந்தால் உடை சரியாக இருக்கும், நாங்கள் கியாரண்டி” என்று குரல்பதிவு வந்தது. நாத்தனாரும் நானும் தற்செயலாக ஒரே எடை, 62 கிலோ. இரண்டு எல் எழுதிக்கொண்டார்கள். க்யூஆர் கோடு வந்தது; பணத்தைப் போட்டேன்.

பார்சல் வந்தது விருந்துக்கு முந்தின நாள் இரவு எட்டரை மணிக்கு. அந்த இரவை நான் மறக்க மாட்டேன். எனக்கு உயரம் சரியாக ஐந்து அடி. உடையைத் தலை வழியாக நுழைத்தேன். கைக்குழி தோளைத் தாண்டி இறங்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து இறக்கினால் மார்பில் துணி விறைத்து நின்றது. வயிற்றில் தையல் பல்லைக் காட்டியது. கீழே விளிம்போ தரையில் கிடந்தது. பக்கத்து அறையிலிருந்து நாத்தனார் வந்தாள். அவள் ஐந்து அடி ஏழு அங்குலம். கல்லூரிக் காலத்திலிருந்து வாலிபால் ஆடுகிறவள், அகன்ற தோள். “அண்ணி, இது என் அளவுதானா, பாருங்கள்” என்றாள். இடுப்பில் நிற்க வேண்டிய இணைப்புத் தையல் அவளுக்கு விலா எலும்பின் மேல் ஏறி நின்றது. இடுப்புப் பக்கம் இரண்டு கைப்பிடி துணி தொளதொளவென்று. விளிம்பு கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. கையை முன்னால் நீட்டியதும் முதுகில் படபடவென்று நூல் விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரே எடை, ஒரே அட்டவணை, ஒரே எல். இருவருக்கும் சேரவில்லை. என் மகளுக்கு வந்ததும் அப்படித்தான்: பதினான்கு வயதுப் பெண், தோளிலிருந்து நழுவியது. ஓரகத்திக்கும் நாத்தனாரின் மகளுக்கும் மட்டும் ஓரளவு பொருந்தியது.

அந்த இரவே அவர்களை அழைத்தேன். எடுத்தது ஒரு பெண்தான். முதலில், “எடையைக் குறைத்துச் சொன்னீர்களா?” என்றார். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று படம் எடுத்து அனுப்பவா என்று கேட்டேன். “எடை சரிதான் மேடம், உங்களுக்குத் தொப்பை இருந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார்.

எனக்கு இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். அந்த வயிற்றைப் பற்றி என் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு, அளவு கேட்க மறுத்துவிட்டு, கடைசியில் பழியை என் உடம்பின் மேல் போட்ட அந்தப் பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். மாற்றித் தரக் கேட்டதற்கு மறுநாள் காலை பதில் வந்தது: பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, ஆகவே முடியாது. வீடியோ எடுக்க வேண்டும் என்று பணம் வாங்கும்வரை ஒருவரும் சொல்லவில்லை.

விருந்து முடிந்து ஊர் திரும்பியதும் மூன்று உடைகளையும் எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் எடுத்துப் போனேன். அவர் பேசாமல் மேசையில் விரித்து, ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடிவரை டேப்பை வைத்தார். பத்தொன்பதரை. அப்படியென்றால் சுற்றளவு 39. எல்லுக்கு அவர்களே போட்டிருந்த 40 கூட இல்லை. என் மார்புச் சுற்று 40. உடம்பின் அளவும் உடையின் அளவும் ஒன்றாக இருந்தாலே கையைத் தூக்க முடியாது, இழுபடாத துணியில் குறைந்தது இரண்டு இன்ச்சாவது கூடுதலாக வேண்டும் என்றார். “பிரித்துவிட முடியுமா அக்கா?” என்று கேட்டேன். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தையலுக்கு அப்பால் அரை இன்ச்கூடத் துணி விடவில்லை; அதிலும் நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. “ஒன்றரை இன்ச் உள்ளே விட்டிருந்தால் நான் சரிசெய்து கொடுத்திருப்பேன் கண்ணு” என்றார்.

பிறகு நாத்தனாரையும் வரச்சொல்லி இருவரையும் அளந்தார். எனக்கு மார்பு 40, இடுப்பு 36, சீட் (பின்புறச் சுற்று) 42, தோள் 14. அவளுக்கு மார்பு 36, இடுப்பு 30, சீட் 38, தோள் பதினைந்தரை. தராசில் ஒரே முள் காட்டும் இரண்டு பெண்களுக்கு இடுப்பில் மட்டும் ஆறு இன்ச் வித்தியாசம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இது ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பெண்கள் உடை சேராதபோது தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். எடை என்பது எலும்பு, தசை, கொழுப்பு, நீர் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. உடை சுற்றி வருவதோ அவை பிடிக்கும் இடத்தை. ஒரு லிட்டர் கொழுப்பு ஏறக்குறைய 900 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் தசை 1,060 கிராம் அளவுக்கு வரும். எனவே எடை ஒன்றாக இருந்தாலும் தசை மிகுந்த உடம்பு குறைந்த இடத்தையே பிடிக்கும். அடுத்தது உயரம். அதே 62 கிலோ ஐந்து அடியில் அடங்குவதும் ஐந்து அடி ஏழு அங்குலத்தில் பரவுவதும் ஒன்றாகுமா? மூன்றாவதாக, எங்கே சேர்கிறது என்பது. ஒருத்திக்கு வயிற்றில், ஒருத்திக்குத் தொடையில், ஒருத்திக்கு மேல்கையில். பிள்ளைப்பேறும் பாலூட்டும் காலமும் வயதும் இதை மாற்றிக்கொண்டே இருக்கும். கிலோவில் ஒன்றும் தெரியாது, ரவிக்கையில் தெரியும்.

எடையை வைத்து அளவு சொல்வது புது யோசனையும் அல்ல. அமெரிக்க வேளாண்மைத் துறை 1939–40-ல் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில், அளந்தது. அறிக்கை 1941-ல் வந்தது. எடை பயன்படும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள், ஆனால் உயரத்தோடு சேர்த்து. அதிலும் கணக்கில் எடுத்தது வெள்ளையர் பெண்களை மட்டும். அதையொட்டி 1958-ல் வந்த அமெரிக்க அளவுத் தரம் உடம்புகளுக்குப் பொருந்தாமல் 1983-ல் கைவிடப்பட்டது. பெண்கள் இடுப்புவரை போடும் காலுறை போல நன்றாக இழுபடும் துணிக்கு உயரமும் எடையும் போட்ட அட்டவணை இன்றும் நடக்கிறது. அனார்கலி இழுபடாது. நம் நாட்டு உடம்புக்கென்று ஓர் அளவுத் தரம் வேண்டும் என்பதற்காகத்தான் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் (நிஃப்ட்) 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. எஸ், எம், எல் என்ற எழுத்துகளை இன்று கடைக்குக் கடை அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்கிறார்கள். ஒரு கடையின் எல் இன்னொரு கடையின் எம்.

எடை கேட்கிற விற்பனையாளருக்கு அதில் என்ன லாபம் என்று டெய்லர் அக்காதான் விளக்கினார். இன்ச்சில் அளவு எழுதிக் கொடுத்தால், குறைந்தால் கேள்வி கேட்கலாம். கிலோவில் சொல்லிவிட்டால் வாங்கியவள் தன் உடம்பையே சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொள்வாள். கையிருப்பில் எது தேங்கியிருக்கிறதோ அதைத் தள்ளிவிடலாம்.

புகார் கொடுத்த கதையையும் சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன், பொறுமையாகக் கேட்டார்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. 40 என்று எழுதி 39 அனுப்பியது அதில் வரும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. எல்லாம் சரி. விற்றவரின் பெயர், முகவரி என்ன என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண் மட்டும். பில் இல்லை. பார்சலில் அனுப்புநர் என்ற இடத்தில் அதே எண். பணம் போன கணக்கில் வேறு யாரோ ஒருவரின் பெயர். நான் புகார் கொடுத்தேன் என்று எழுதியதும் அந்த எண்ணிலும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

ஆகவே என் தங்கைகளாக நினைத்துக் கேட்டுக்கொள்கிறேன். முழு முகவரியும் பில்லும் தராதவரிடம் வாங்காதீர்கள். எனக்கு எல்லாக் கதவும் அடைபட்டது அதனால்தான். எழுதியிருக்கும் இன்ச் உடம்பின் அளவா, உடையின் அளவா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய குர்த்தியைத் தரையில் விரித்து, கைக்குழி முதல் கைக்குழி வரை, தோள், இடுப்பு, நீளம் அளந்து அதோடு ஒப்பிடுங்கள். பருத்தி என்றால் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று, ஐந்து பங்கு சுருங்கலாம். 40 இன்ச் 38 வரை இறங்கிவிடலாம். உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று படம் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். வாங்கியபின் யாராவது குரல்பதிவில் உங்கள் உடம்பைக் குறை சொன்னால் அதை அழிக்காதீர்கள்.

போன வாரம் ஓரகத்தியின் போனுக்கு ஒரு படம் வந்தது. கடையின் பெயர் வேறு, எண் வேறு, துணி அரக்குச் சிவப்பு. கீழே அதே அட்டவணை, அதே எழுத்துரு: 60–66 கிலோ, எல்.