டிரெட்மில்லில் 3 கிலோமீட்டர், வாட்சில் 2.14: மூன்று மாதம் கட்டிப் பார்த்த பிறகு

சர்க்கரை ஏறியதும் டாக்டர் வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்லிவிட்டார். நான் கோவையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் விடிந்ததுமே தையல் மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். வெளியே போய் நடக்க முடியாது. அதனால் பழைய டிரெட்மில் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினோம். மகள் தன் சம்பளத்தில் 2,799 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கையில் கட்டிவிட்டாள். அந்த வாட்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆறு நாள் வருகிறது. வேர்வை பட்டாலும் வார் அரிக்கவில்லை. எண்கள் பெரிதாக இருப்பதால் கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது. போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தால் போனின் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தூரம் காட்டும், அது சரியாகவே இருக்கிறது.

சிக்கல் டிரெட்மில்லில்தான். முதல் நாள் மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் 40 நிமிடம் நடந்து இறங்கினேன். டிரெட்மில் திரையில் 3.00 கிலோமீட்டர், வாட்சில் 2.14. முட்டி வலியோடு நடந்த நடையில் 860 மீட்டரைக் காணோம். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. நடந்ததற்குக் கணக்கு வராவிட்டால் மறுநாள் ஏறவே மனம் வராது. வாட்ச் கோளாறு, திருப்பி அனுப்பிவிடு என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாள் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அம்மா, நீ கம்பியப் பிடிச்சுட்டே நடக்கற. கை ஆடவே இல்ல பாரு" என்றாள்.

விஷயம் அதுதான். டிரெட்மில்லில் ஆள் இருந்த இடத்திலேயே இருப்பதால் ஜிபிஎஸ்ஸுக்கு அங்கே வேலை இல்லை. வாட்சுக்குத் தெரிவதெல்லாம் மணிக்கட்டின் அசைவுதான். உள்ளே இருக்கும் அக்சிலரோமீட்டர் சென்சார் அந்த அசைவை வைத்து ஸ்டெப்பை எண்ணுகிறது. கை கம்பியில் இருந்தால் நிறைய ஸ்டெப் அதற்குத் தெரியாமலே போய்விடும். எண்ணியதை ஒரு ஸ்டெப்பின் நீளத்தால் பெருக்கித் தூரம் காட்டுகிறது. அந்த நீளத்தையும் அது அளப்பதில்லை, நாம் கொடுத்த உயரத்திலிருந்து ஊகிக்கிறது. பெண்களுக்கு உயரத்தை 0.413-ஆல் பெருக்குவது பரவலாக இருக்கும் கணக்கு. என் உயரம் 152 சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர். போனில் இருக்கும் வாட்சின் ஆப்பிலும் அதே 63தான் இருந்தது.

கம்பியை விட்டுவிட்டு, கையை வீசி, அதே வேகத்தில் அதே 40 நிமிடம் நடந்தேன். கம்பியைப் பிடித்தபோது 3,400 ஸ்டெப் காட்டியது இப்போது 5,200 காட்டியது. தூரம் 3.28. குறைவாகக் காட்டிய வாட்ச் இப்போது டிரெட்மில்லையும் தாண்டிவிட்டது!

அளவு சரியில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது, முப்பது வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். அங்கே ஓடுதளத்தின் உள்கோட்டை ஒட்டிய முதல் லேனில் ஒரு சுற்று 400 மீட்டர். விரல் மடக்கி நூறு நூறாக எண்ணிக்கொண்டு மூன்று சுற்று நடந்தேன். சுற்றுக்கு 690 ஸ்டெப் வந்தது. அப்படியானால் என் ஸ்டெப் 58 சென்டிமீட்டர்தான், 63 இல்லை. ஆப்பில் மாற்றினோம். அடுத்த நாள் டிரெட்மில்லில் 3.00, வாட்சில் 3.02. இரண்டும் ஒத்துப்போய்விட்டன என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. வாட்சைச் சோதித்தேன், டிரெட்மில்லை யார் சோதித்தது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் சாக்கால் பெல்ட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தி இஞ்ச் டேப்பால் அளந்தேன். டேப் 150 சென்டிமீட்டரில் முடிந்துவிடும், அங்கே இன்னொரு கோடு, மீதி 122. ஆக பெல்ட் ஒரு முழுச்சுற்று 2.72 மீட்டர். 20 சுற்றுக்கு 54.4 மீட்டர். மணிக்கு 4.5 கிலோமீட்டர் என்றால் இதற்கு 43.5 விநாடி ஆக வேண்டும். ஆள் ஏறாமல் ஓடவிட்டு, மகள் சாக் கோட்டை எண்ணி, போனில் நேரம் பார்த்தாள். 43.6. அச்சு அசல். நான் ஏறி நடந்தபோது 45 விநாடி. அதாவது திரை 4.5 என்று சொல்லும்போது காலுக்குக் கீழே ஓடியது 4.35தான். 40 நிமிடத்தில் 2.9 கிலோமீட்டர்.

எண்ணெய் போட வந்த மெக்கானிக் மோட்டார் மூடியைக் கழற்றியபோது காரணம் புரிந்தது. "இத பாருங்கக்கா" என்று பெல்ட்டைச் சுழற்றும் முன் ரோலரின் புல்லியில் ஒட்டியிருந்த சின்னக் காந்தத்தையும் எதிரே இருந்த சென்சாரையும் காட்டினார். காந்தம் எத்தனை முறை கடக்கிறதோ அதுதான் டிரெட்மில்லுக்குத் தூரம். கால் அழுத்தும்போது பெல்ட் அடியில் இருக்கும் பலகையில் உரசி ரோலர்மேல் கொஞ்சம் வழுக்கினால் சென்சாருக்கு அது தெரியாது. பலகை காய்ந்து கிடந்தது. சிலிகான் எண்ணெய் போட்டு பெல்ட்டைச் சற்று இறுக்கியதும் 45 விநாடி 44 ஆனது. வீட்டில் டிரெட்மில் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டுக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்கள். வறண்டிருந்தால், உங்கள் டிரெட்மில்லுக்கு எண்ணெய் போடலாமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு சிலிகான் எண்ணெய் போடுங்கள்.

ஆக, அன்றைக்கு 3.00-ம் 3.02-ம் ஒத்துப்போனது இரண்டும் சரியாக இருந்ததால் அல்ல. டிரெட்மில் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. நானோ டிரெட்மில்லில் ஸ்டேடியத்தைவிடக் குறுகிய ஸ்டெப் வைத்திருக்கிறேன், 56 சென்டிமீட்டர்தான் வருகிறது. அதை 58 என்று எடுத்துக்கொண்டு வாட்சும் கூட்டிச் சொன்னது. இரண்டு தப்பும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

எங்கள் தொழிலில் பழைய இஞ்ச் டேப் இழுத்து இழுத்து நீண்டுவிடும். உடம்பையும் துணியையும் அதே டேப்பால் அளந்தால் பிளவுஸ் சரியாகவே வரும். உடம்பை ஒன்றில் அளந்து துணியை இன்னொன்றில் வெட்டும்போதுதான் அக்குள் இறுக்கும். அதனால் தூரத்துக்கு டிரெட்மில் திரையை மட்டும் பார்க்கிறேன், நோட்டில் அதைத்தான் எழுதுகிறேன். வாட்ச் நாடித்துடிப்புக்கும் நேரத்துக்கும்.

இந்த வாட்சில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. போன மாதம் ஆப் அப்டேட் ஆனதும் நான் போட்ட ஸ்டெப் நீளம் அழிந்து மறுபடி 63 வந்து நின்றது. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அந்த ஒரு வாரம் வாட்ச் காட்டிய தூரக் கணக்கு வீண். டிரெட்மில் தூரத்தை நாமே திருத்திச் சேமிக்கும் வசதி கார்மின் வாட்ச்களில் இருக்கிறது, ஆனால் அது வேறு விலை. இந்த விலைக்குள் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் கடையிலேயே ஆப்பைத் திறக்கச் சொல்லி, ஸ்டெப் நீளத்தை நாமே மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரெட்மில்லுக்காக அதை வாங்க வேண்டாம்.