குடத்துக்கு ஒடுக்கெடுக்கும் பட்டறையில் கிரேக்கத் தலைக்கவசம்

ராமநாதபுரத்தில் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கெடுத்து, அண்டாவுக்கு ஈயம் பூசித் தருகிற ஒரு சின்னப் பட்டறையில்தான் இதைச் செய்து வாங்கினேன். உச்சிப்புளி பக்கம் எங்கள் நாடகக் குழு அலெக்சாண்டரும் போரஸும் மோதிய கி.மு. 326 ஜீலம் சண்டையைப் போடுகிறது. ஆன்லைனில் தேடினால் முகத்தையே மூடும் கொரிந்தியக் கவசம்தான் வந்து விழுகிறது, அலெக்சாண்டர் காலத்துக்கு அது பழைய சரக்கு. குதிரை வீரனுக்கு எனக்கு வேண்டியது போயோத்தியா வகை. முகம் திறந்திருக்கும், விளிம்பு மட்டும் மடிந்து மடிந்து காதோரம் இறங்கும். பார்வையை மறைக்காமல் மார்க்கவசத்துக்கு மேலே இருப்பதையெல்லாம் காக்கிறது என்று பழைய கிரேக்க எழுத்தாளர் செனபோன் குதிரை வீரர்களுக்குச் சிபாரிசு செய்த கவசம் இது. டைகிரிஸ் ஆற்றில் கிடைத்த ஒன்று ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் படத்தைத்தான் போனில் காட்டினேன்.

ஆசாரி அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எது முன்னாடி, எது பின்னாடி தம்பி?" என்றார். மறுநாள் ஒரு பழைய பனை ஓலைத் தொப்பியை நன்றாக நனைத்து, தலையில் கவிழ்த்து, விளிம்பைக் காதோரம் இழுத்து மடித்துக் காட்டினேன். அசலும் துணித் தொப்பியின் மடிப்பைப் பார்த்து உலோகத்தில் அடித்ததுதானே, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

வெண்கலத்தில் கேட்டேன். "வெண்கலம் வார்க்கிற சாமான், தட்டினா விண்டுபோகும்" என்று மறுத்துவிட்டார். இங்கே பாத்திரத்துக்குப் போடும் வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகம், அதனால் அவர் சொன்னது சரி. கிரேக்கர்கள் வெள்ளீயம் குறைந்த கலவையை, அடிக்க அடிக்க இறுகும்போதெல்லாம் சூடுகாட்டி இளக்கி, மறுபடி தட்டினார்கள். கடைசியில் பித்தளையிலேயே செய்யச் சொன்னேன், அதிலும் அதே வேலைதான். ஒரே தகடு, ஒட்டு இல்லை. மடிப்புகளில் சுத்தியல் தடம் லேசாகத் தெரிகிறது, எனக்கு அதுதான் பிடித்தது.

குறையும் உண்டு. இரண்டு வாரம் என்றவர் ஐந்து வாரம் ஆக்கினார், நடுவில் கல்யாண சீசன், சீர்ப் பாத்திரம்தான் முதலில் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்புறம் அளவு. வெறும் தலைக்கு நூல் பிடித்து அளந்தார், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். உள்ளே கம்பளி வைத்துத் தைத்ததும் நெற்றியில் கவ்விப் பிடித்தது, ஒத்திகை முடிவதற்குள் தலைவலி. பக்கவாட்டைக் கொஞ்சம் விரித்துத் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. கூலியும் தகடும் சேர்த்து 6,500 ரூபாய். எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

நிறம் வெண்கலத்தைவிட மஞ்சளாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் கடற்கரை உப்புக்காற்று பத்தே நாளில் அதைக் கறுக்க வைத்து அந்தக் குறையை மறைத்துவிட்டது. அம்மா புளி போட்டுத் தேய்க்க எடுத்துப் போனதைப் பாதி வழியில் பிடுங்கினேன்.

இரண்டாவது கவசத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் அளவு கொடுத்தேன்.