மட்டக்குதிரைக்கு வாய்க்கூடை: மூணு வருஷமா கட்டிப் பாத்த அனுபவம்

எங்க மட்டக்குதிரைக்கு லேமினைட்டிஸ் (குளம்புக்குள்ள வீங்கி வலிக்கிற நோய்) வந்து காலே ஊன முடியாம நின்னதுக்கப்புறம்தான் டாக்டர் பச்சப்புல்லக் குறைங்கன்னாரு. அப்ப வாங்கினதுதான் இந்த மஸில். போரடிக்கிற மாட்டுக்குக் கட்டுற வாய்க்கூடை மாதிரியே, ஆனா அடியில ஓட்டை இருக்கும், அது வழியா நுனிப்புல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வாய்க்குப் போகும்.

முதல் மாசம் நான் பண்ண தப்பு, பாவம் வாயில்லா ஜீவன்னு லூசா கட்டினது. லூசா இருந்தா சுகமா இருக்கும்னு நெனச்சேன், ஆனா ஆடி ஆடி உரசி தாடையில முடி கொட்டி தோல் ரோஸ் கலர்ல தெரிய ஆரம்பிச்சிருச்சு. தலை நிமிந்து நிக்கிறப்ப எல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு, ஒருநாள் பக்கத்துலயே குந்தி உக்காந்து மேயறப்ப பாத்தா மொத்தக் கூடையும் முன்னாடி சரிஞ்சு மூக்குல இடிக்குது! அதுலருந்து ஒரு கேரட்டத் தரையில போட்டு, அது தலைய குனிஞ்சப்புறம்தான் வார் டைட்டு பாக்குறேன். மூக்கு வாருக்குள்ள ரெண்டு விரல் போகணும், உதட்டுக்கும் கூடை அடிக்கும் நடுவுல ஒரு இஞ்ச் இருக்கணும், மேல் விளிம்பு கன்ன எலும்புல முட்டக்கூடாது.

உரசுற இடத்துல கம்பளித்துணி சுத்தினேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பனியில நனைஞ்சா அதுவே இன்னும் மோசமா அறுக்குது, அதனால ரெண்டு செட் வச்சு மாத்தி மாத்தி காயப்போடுறேன்.

இழுத்தா அறுந்துடுற மாதிரி ஒரு வார் இல்லாத மாடல வாங்கவே வாங்காதீங்க. எங்களுது ஒருதடவ வேலியில மாட்டி அந்த வார் பிஞ்சதால தலை தப்பிச்சுது, கூடையத் தேடத்தான் நாலு நாள் ஆச்சு.

ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல போடுறதில்ல. கழட்டினதும் புல்லுல விட்டா, அதுவரைக்கும் திங்காம விட்டதுக்கும் சேத்து வாரி அடைச்சுக்கும், அதனால நேரா புல்லில்லாத பட்டிக்குக் கொண்டுபோய் வைக்கோல். புல் ரொம்ப உயரமா இருந்தாலும் கூடைக்கடியில மடங்கிப் படுத்துக்கும், ஓட்டைக்குள்ள ஏறாது. தண்ணி முதல்நாள் நின்னு பாத்துக்கிட்டேன், வாயகன்ற பக்கெட்னா பிரச்சன இல்லாம குடிக்குது.

முன்பல் தேயுதான்னு, பல் பாக்குறவர் வர்றப்பல்லாம் கேக்குறேன், இதுவரைக்கும் ஒண்ணுமில்ல. ஓட்டைதான் கடிச்சுக் கடிச்சு பெருசாயிருச்சு, அடுத்த மாசம் மாத்தணும்.