“ரெண்டும் ஒரே பிங்க்தான்” என்று சொல்லும் பெயிண்ட் கடையை நம்பாதீர்கள்

வெளிர் பிங்க் மாதிரி லேசான நிறம் அடிக்கப் போகிறவர்கள், பெயிண்டர் டின்னைத் திறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

படுக்கையறைக்கு ஷேட் கார்டில் பார்த்து, நம்பரோடு எழுதிக் கொடுத்த பிங்க், லேசாக மஞ்சள் ஓடி பீச் பழ நிறத்துப் பக்கம் சாய்ந்த ஷேட். முதலில் வந்த டின் சரியாகத்தான் இருந்தது. இரண்டு சுவரோடு பெயிண்ட் தீர்ந்துபோக, அதே கடையில் அதே நம்பரைச் சொல்லி இன்னொரு டின் வாங்கி அடுத்த சுவரை ஆரம்பித்தோம், இரண்டு சுவரும் சேரும் மூலையில் கோடு கிழித்த மாதிரி நிறம் பிரிந்து நின்றது. புதிதாக அடித்ததில் நீலம் ஏறி லாவண்டர் சாயல். பகலில்கூடப் பரவாயில்லை, ராத்திரி 2700 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டால் பீச் சுவர் பளிச்சென்றும் மற்றது சாம்பல் பூத்தும் தெரிகிறது.

போன் செய்தால், “ஈரமா இருக்கு, காய்ஞ்சா ஒண்ணாயிடும்” என்றார்கள். எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அடர்த்தியாகும், உண்மைதான், ஆனால் நீலம் ஓடுகிற பிங்க் ஒருநாளும் பீச் ஆகாது. இரண்டாவது கோட்டிங்கும் காய்ந்தது, ஒன்றும் மாறவில்லை. நேரில் போய் விடாமல் கேட்ட பிறகுதான், அந்த ஷேடுக்கான பேஸ் (நிறம் கலக்கிற அடிப்படை பெயிண்ட்) தீர்ந்துவிட்டது, பக்கத்து ஷேடைக் கலந்து கொடுத்தோம் என்றார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை! முதல் டின்னின் மூடியில் ஷேட் நம்பர், பேஸ் எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கிறது. இரண்டாவதில் ஸ்டிக்கரை உரித்த பசை மட்டும்தான். எனக்கு ஆத்திரமே அதில்தான். பில்லிலும் ஷேட் நம்பர் கிடையாது. கேட்டால், மெஷினில் கலந்ததைத் திரும்ப எடுக்க மாட்டோமாம். கேட்டதைக் கொடுத்திருந்தால் அந்தப் பேச்சு நியாயம்.

லேசான ஷேடில் வெள்ளை பேஸோடு சேருவது சில துளி நிறம்தான், அதனால் கொஞ்சம் மாறினாலும் சுவரில் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டிக்கர் இல்லாத டின்னை வாங்காதீர்கள், பில்லில் நம்பரை எழுதச் சொல்லுங்கள். அப்புறம், ஒரு வெள்ளை அட்டையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தடவிக் காயவைத்து, பகலிலும் உங்கள் வீட்டு பல்பிலும் பாருங்கள். முடிந்தால் மொத்த பெயிண்டையும் ஒரே தடவையில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், டின்னுக்கு டின் வருகிற சின்ன வித்தியாசமும் போய்விடும்.

கடைக்காரர் இப்போது ஒரு டின் இலவசமாகத் தருகிறேன் என்கிறார், திரும்ப அடிக்கிற கூலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு மூடியையும் பில்லையும் படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், கூலியும் சேர்த்து வரும்வரை விடுவதாக இல்லை.