கொலைகாரன் என்றால் பரவாயில்லை, திருடன் என்றால் ரோஷம்: ‘எல் கோண்டே’

ரத்தக் காட்டேரிப் படம் பார்த்துவிட்டு, அதில் எனக்குப் பிடித்தது ஒரு கன்னியாஸ்திரி மேசை போட்டு உட்கார்ந்து சொத்துக் கணக்கு கேட்கும் காட்சிதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என்ன செய்வது, என் பிழைப்பு தணிக்கை. கழுத்தைக் கடிப்பதெல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும், வவுச்சர் எங்கே என்றுதான் எனக்குக் கை அரிக்கும்.

சிலி நாட்டு இயக்குநர் பாப்லோ லாரைன் எடுத்த ‘எல் கோண்டே’ 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சால்வதோர் அலெண்டேயின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்து 50 வருஷம் நிறைந்த அதே மாதம். கவிழ்த்த தளபதி அகுஸ்தோ பினோசே 17 ஆண்டுகள் நாட்டைக் கையில் வைத்திருந்து, 2006 டிசம்பர் 10 அன்று, மனித உரிமை நாளாகப் பார்த்து, ஒரு வழக்கில்கூடத் தண்டனை பெறாமல் 91 வயதில் செத்துப்போனார். இது சரித்திரம். லாரைன் இதை மாற்றி எழுதுகிறார்: அவர் சாகவே இல்லை. சவப்பெட்டியில் படுத்து நடித்தார், அவ்வளவுதான். ஏனென்றால் அவர் 250 வயதுக் காட்டேரி.

முன்கதையைப் படம் மளமளவென்று சொல்லி முடிக்கிறது. பதினாறாம் லூயியின் படையில் கிளோட் பினோஷ் என்று ஒரு சிப்பாய். பிரெஞ்சுப் புரட்சியில் ராணி மரி அந்துவானெத்தின் தலையை வெட்டிய கில்லட்டின் கத்தியில் வழியும் ரத்தத்தை, ஆள் இல்லாத நேரத்தில் போய் நாக்கால் நக்குகிறான். இனி எங்கே புரட்சி வந்தாலும் அதை நசுக்குவதே தன் வேலை என்று கிளம்புகிறான். ஹைட்டி, ரஷ்யா, அல்ஜீரியா என்று சுற்றிக் கடைசியில் சிலிக்கு வந்து ராணுவத்தில் சேர்கிறான். 1973-இல் நடந்தது அந்த நீண்ட உத்தியோகத்தில் ஒரு பதவி உயர்வு, அவ்வளவே.

இப்போது கிழவர் தெற்குக் கோடியில், காற்று ஊளையிடும் ஒரு பாழடைந்த பண்ணையில், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறார். ரத்தம் குடிப்பதை விட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று முடிவு. காரணம் குற்ற உணர்ச்சி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஜனங்கள் தன்னைத் திருடன் என்கிறார்களாம். கொலைகாரன் என்று சொல்லட்டும், அது சிப்பாயின் தொழில். திருடன் என்று எப்படிச் சொல்லலாம்?

இந்த இடத்தில்தான் படம் என்னைப் பிடித்து உட்காரவைத்தது, ஏனென்றால் இந்த ரோஷம் கற்பனை இல்லை. ஆட்களைக் காணாமல் அடித்த கதையெல்லாம் வெளிவந்த பிறகும், ‘கடுமையானவர், ஆனால் கை சுத்தம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஆதரவாளர்கள் சிலியில் நிறையப் பேர். 2004-இல் அமெரிக்க செனட் விசாரணைக் குழு ஒன்று வாஷிங்டனின் ரிக்ஸ் வங்கியைத் துருவியபோது அவருடைய ரகசியக் கணக்குகள் வெளியே வந்தன. டேனியல் லோபஸ் என்ற பொய்ப் பெயரில்கூடப் பணம் இருந்தது. அதற்குப் பிறகுதான் பழைய விசுவாசிகள் பலர் மெல்லக் கழன்றுகொண்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதோ காணாமல்போனதோ அசைக்காத விசுவாசத்தை ஒரு பாஸ்புக் அசைத்துவிட்டது.

அப்பன் சாகப்போகிறான் என்றதும் ஐந்து பிள்ளைகளும் படகேறிப் பண்ணைக்கு வந்து இறங்குகிறார்கள். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. யாரும் ஒரு நாள்கூட உருப்படியாக வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. சொத்து எங்கெங்கே பதுங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் கணக்குப் பார்க்க ஒரு ஆளை வரவழைக்கிறார்கள். வருபவள் கார்மென். கணக்கில் புலி, உள்ளுக்குள் கன்னியாஸ்திரி. பேயோட்ட வந்தவள்.

ஒவ்வொருவராக அவள் எதிரே வந்து உட்காருகிறார்கள். கார்மெனாக நடிக்கும் பவுலா லுக்சிங்கரின் முகத்தை நெருக்கத்தில் பாருங்கள். ஒட்ட வெட்டிய முடி, அகன்ற கண்கள், ஓயாத ஒரு புன்னகை. குரலை உயர்த்துவதே இல்லை. அரசு நிறுவனத்தை யாருக்கு, என்ன விலைக்கு விற்றீர்கள், ஆயுதப் பேரத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, இந்த வீடு யார் பெயரில் என்று, குழந்தையிடம் பள்ளிக்கூடக் கதை கேட்பதுபோல் கேட்கிறாள். அவர்களும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்கள். வெட்கப்படுவதில்லை, சில இடங்களில் பெருமையே படுகிறார்கள். தணிக்கைக்குப் போகிற எவருக்கும் இந்த ரகம் பழக்கம். சின்னத் தவறு செய்தவன்தான் வியர்த்துக் கொட்டி ஃபைலைத் தேடுவான். பெரிதாகச் சுருட்டியவன் காபி வரவழைத்துக் கொடுத்து, எப்படிச் செய்தேன் தெரியுமா என்று விளக்கமாகச் சொல்லுவான், அதைக் குற்றமாகவே அவன் நினைக்கவில்லை என்பதால். திரைக்கதைக்கு வெனிஸ் விழாவில் விருது கொடுத்தார்கள். இந்த மேசைக் காட்சிகளுக்கு மட்டுமே கொடுத்திருந்தாலும் தகும்.

எட்வர்ட் லாக்மனின் ஒளிப்பதிவைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது, அதனால் சுருக்கமாக. வண்ணத்தில் எடுத்துப் பிறகு நிறத்தை உறிஞ்சிய படம் அல்ல இது. கறுப்பு வெள்ளை மட்டுமே பதியும் டிஜிட்டல் கேமராவை இதற்கென்றே செய்து வாங்கியிருக்கிறார்கள். ரத்தம் தார் மாதிரி வழிகிறது. தளபதித் தொப்பியும் நீளமான மேலங்கியுமாகக் கிழவர் இரவில் சாந்தியாகோ நகரத்துக்கு மேலே நிதானமாகப் பறக்கிறார். பிடுங்கிவந்த இதயத்தை மிக்ஸியில் போட்டு அடித்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறார். ஜூஸ் போடுகிற அதே அலட்சியம். முதல் தடவை குமட்டியது, மூன்றாவது தடவை எனக்கும் அது சமையலறைச் சத்தமாகிவிட்டது. இயக்குநர் வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பறக்கும் காட்சிகளில், கிழவரிடம் கடிபட்ட கார்மென் முதன்முதலாகப் பறப்பதுதான் உச்சம். காற்றில் குட்டிக்கரணம் போடுகிறாள், தலைகீழாகிறாள், நிமிர்ந்து சிரிக்கிறாள். நடிகையை உண்மையிலேயே கிரேனில் கட்டித் தொங்கவிட்டு எடுத்தது. அந்தத் தடுமாற்றத்தில் கம்ப்யூட்டர் வாசனையே இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஸ்பானிஷ் பேசும் படத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பிரிட்டிஷ் சீமாட்டியின் குரல் ஆங்கிலத்தில் கதை சொல்கிறது. யாரென்று கடைசிப் பகுதியில் தெரிகிறது: பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர். அதோடு விட்டிருந்தால் நல்ல குத்து. 1998-இல் லண்டனில் பினோசே கைதானபோது, அர்ஜென்டினாவோடு பிரிட்டன் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில் பினோசே செய்த உதவிக்காக வெளிப்படையாக வக்காலத்து வாங்கியவர் தாட்சர். வீட்டுக் காவலில் இருந்தவரை நேரில் போய்ப் பார்த்தவரும்கூட. ஆனால் படம் அவரைக் கிழவரின் தாயாகவே ஆக்கி, அதற்கும் ஒரு முன்கதை சொல்லி இழுக்கிறது. ஜோக்கைச் சொல்லிவிட்டு விளக்கவுரையும் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கடைசி இருபது நிமிஷம் எனக்கு அலுத்தது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. கொடுமை செய்தவனைக் காட்டேரியாக்கினால் மற்றவர்கள் எல்லாம் தப்பித்துவிடுகிறார்கள். அந்த 17 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்களைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள் கடிபட்டவர்கள் இல்லை, சம்பளம் வாங்கியவர்கள். அவர் பதவியில் நீடிக்கலாமா என்று கேட்ட 1988 வாக்கெடுப்பில் சுமார் 44 சதவீதம் பேர் அவருக்கு ‘ஆம்’ என்று ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தப் பண்ணை வீட்டில் இல்லை. இருப்பது ஃபியோதர் என்ற வேலையாள் மட்டும். எஜமானுக்காக ஆட்களை வதைத்த, அதைச் சொல்லிச் சொல்லி ரசிக்கிற பழைய ரஷ்யன். அல்ஃபிரெதோ காஸ்த்ரோ அவனை அற்புதமாகச் செய்திருக்கிறார், அது வேறு விஷயம். அவனும் கடிபட்டவன்தானே. கையெழுத்துப் போட்டுவிட்டு மாலை வீட்டுக்குப் போன குமாஸ்தாவைக் காட்டுகிற துணிச்சல் படத்துக்கு இல்லை.

மறுபக்கம், காட்டேரி என்ற உருவகம் அந்த ஊருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதையும் சொல்ல வேண்டும். நிஜ பினோசேயின் உடலை எரித்துச் சாம்பலைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். கல்லறை வைத்தால் ஆட்கள் வந்து நாசம் செய்வார்கள் என்ற பயம். உடல்நிலை சரியில்லை என்று லண்டனிலிருந்து விடுவிக்கப்பட்டு 2000 மார்ச்சில் ஊர் திரும்பியவர், விமான நிலையத்தில் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நின்றதை நாடே டிவியில் பார்த்தது. இவ்வளவையும் பார்த்த ஜனங்களுக்கு ‘அவர் சாகவில்லை’ என்ற கதை பெரிய கற்பனையாகத் தோன்றியிருக்காது.

ஹைமே வடேல்தான் கிழவர். சிடுசிடுப்பும் சுயபச்சாதாபமும் கலந்த ஒரு ஓய்வூதியக்காரராகவே நடித்திருக்கிறார். மனைவி லூசியாவாக வரும் குளோரியா முன்ச்மேயர், தன்னையும் கடித்துச் சாகாவரம் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கும் இடங்கள் நல்ல சிரிப்பு. இத்தனை வருஷமாகக் கடிக்காமலே வைத்திருப்பதுதான் அவருக்குத் தீராத மனக்குறை.

ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பயமுறுத்தும் படம் தேடுபவர்களுக்கு இது சரிப்படாது, திடுக்கிடும் இடங்கள் சொற்பம். குழந்தைகளை அருகில் வைத்துக்கொள்ள வேண்டாம். போனில் பார்த்தால் பாதிக் காட்சி இருட்டாகத்தான் தெரியும். டிவியில், விளக்கை அணைத்துவிட்டு, ஸ்பானிஷ் ஒலியிலேயே பாருங்கள். சிலி அரசியல் அவ்வளவாகப் பரிச்சயமில்லை என்றால் இதே இயக்குநரின் 2012 படம் ‘நோ’வை முதலில் பார்ப்பது நல்லது. அந்த 1988 வாக்கெடுப்பின் பிரசார விளம்பரங்களைப் பற்றியது, காலத்துக்கு ஒத்துவரப் பழைய வீடியோ கேமராவிலேயே எடுத்தது. காட்டேரி யாரும் கிடையாது. ஆனால் ‘ஆம்’ போட்டவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்பதற்கு அதில் விடை இருக்கிறது.